புனைகதையைக் கணினி விளையாட்டாக மாற்றும் தானியங்கு முறைகளின் வரலாறு

எழுதப்பட்ட சிறுகதை, நாவல் அல்லது கதைச்சுருக்கத்தைக் கணினி நிரல் ஒன்று தானே படித்து, வாசகர் உள்ளே புகுந்து செயல்படக்கூடிய விளையாட்டாக மாற்றுவதைப் புனைகதையின் தானியங்கு விளையாட்டாக்கம் எனலாம். இது செயற்கை நுண்ணறிவு, இயற்கை மொழிச் செயலாக்கம், விளையாட்டு வடிவமைப்பு ஆகிய மூன்று துறைகளும் சந்திக்கும் ஓர் ஆய்வுப் பகுதி. 1970களில் தனித்தனியாகத் தோன்றிய இரண்டு முயற்சிகள் இதன் வேர்களாகும். ஒன்று, எழுத்தால் ஆன உலகில் விளையாடுபவரை உலவவிட்ட உரைவழி விளையாட்டுகள். மற்றொன்று, கதையைப் புரிந்துகொள்ளவும் சொல்லவும் கணினிக்குக் கற்பிக்க முயன்ற பல்கலைக்கழக ஆய்வுகள். இவ்விரண்டும் இணையச் சுமார் நாற்பது ஆண்டுகள் ஆயின.

அடிப்படைச் சிக்கல்

"மழை ஓய்ந்ததும் அவள் கதவைத் திறந்து வெளியே வந்தாள்" என்ற வாக்கியத்தை வாசகர் தடையின்றிப் படித்துச் செல்வார். இதையே விளையாட்டாக மாற்ற வேண்டுமானால் வாக்கியத்தில் இல்லாத பல செய்திகள் தேவைப்படுகின்றன. அவள் அதுவரை இருந்தது எந்த அறை, கதவு எந்தத் திசையில் உள்ளது, அது பூட்டப்பட்டிருந்ததா, வெளியே இருப்பது தெருவா தோட்டமா என்பவற்றை நிரல் அறிந்திருக்க வேண்டும். மழை ஓயும் முன்பே விளையாடுபவர் கதவைத் திறந்தால் என்ன நடக்கும், திறக்கவே மறுத்தால் கதை எப்படி நகரும் என்பதற்கும் விடை வேண்டும்.

கதாசிரியர் நடந்த ஒன்றை மட்டும் எழுதுகிறார். விளையாட்டோ நடந்திருக்கக்கூடியவை அனைத்துக்கும் இடம் தர வேண்டியுள்ளது. எழுத்தாளர் சொல்லாமல் விட்டதை வாசகர் தம் உலக அனுபவத்தால் நிரப்பிக்கொள்கிறார். கணினிக்கு அவ்வனுபவம் இல்லை. இந்த இடைவெளியை யார் நிரப்புவது என்ற கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் அளிக்கப்பட்ட விடைகளே இத்துறையின் வரலாறாக அமைகின்றன.

உரைவழி விளையாட்டின் தோற்றம்

அமெரிக்க நிரலாளரும் குகை ஆய்வாளருமான வில் கிரவுதர் 1975-76 காலத்தில் பிடிபி-10 கணினியில் ஃபோர்ட்ரான் மொழியில் 'அட்வென்ச்சர்' என்ற நிரலை எழுதினார். மணமுறிவுக்குப் பின் தம் மகள்கள் விளையாடுவதற்காக இதை உருவாக்கியதாக அவர் கூறியுள்ளார். கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைத் தொகுதியில் அவர் நேரில் கண்ட பாதைகளே விளையாட்டின் நிலப்பரப்பாயின. 1977இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டான் வுட்ஸ், கிரவுதரின் இசைவுடன் இதை விரிவாக்கினார். விளையாடுபவர் ஒன்று அல்லது இரண்டு சொற்களில் கட்டளையிடுவார். நிரல் அதன் விளைவை உரைநடையில் விவரிக்கும்.

அதே 1977இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் டிம் ஆண்டர்சன், மார்க் பிளாங்க், புரூஸ் டேனியல்ஸ், டேவ் லெப்லிங் ஆகியோர் 'சோர்க்' விளையாட்டை உருவாக்கத் தொடங்கினர். இரு சொல் கட்டளைகளுக்குப் பதிலாக முழு வாக்கியங்களையும் ஓரளவு பகுத்தறியும் திறன் இதற்கு இருந்தது. இக்குழுவைச் சேர்ந்தோர் பங்கேற்க 1979இல் இன்ஃபோகாம் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஒரே விளையாட்டைப் பல வகைக் கணினிகளில் இயக்குவதற்காக அவர்கள் 'இசட்-மெசின்' என்ற மெய்நிகர் கணினியை வடிவமைத்தனர்.

இவ்விளையாட்டுகளில் அறைகள், பொருள்கள், பாத்திரங்கள், அவற்றுக்கிடையிலான உறவுகள் ஆகியவை ஒரு மாதிரி உலகமாக நினைவகத்தில் சேமிக்கப்பட்டன. விளக்கு பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டி மூடியிருக்கிறது, பெட்டி சமையலறையில் இருக்கிறது என்பன போன்ற தகவல்களின் தொகுப்பே அவ்வுலகம். பின்னாளில் கதைகளைத் தானாகவே விளையாட்டாக்க முயன்றவர்களில் ஒரு சாரார் கதையிலிருந்து பெற விரும்பியதும் இத்தகைய உறவுத் தொகுப்பையே.

நூல்களைக் கைவழி மாற்றிய காலம்

1980களில் புகழ்பெற்ற நாவல்களை உரைவழி விளையாட்டுகளாக மாற்றும் வணிக முயற்சிகள் பெருகின. அப்பணி முழுவதையும் மனிதர்களே செய்தனர். எனினும் கதை விளையாட்டாக மாறும்போது என்னென்ன நேரும் என்பதை இம்முயற்சிகளே முதலில் வெளிப்படுத்தின.

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் நாவலைத் தழுவிய 'தி ஹாபிட்' விளையாட்டு 1982இல் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவின் பீம் சாஃப்ட்வேர் நிறுவனத்துக்காக வெரோனிகா மெக்லர், பிலிப் மிட்செல் ஆகியோர் இதை உருவாக்கினர். முறைப்படி உரிமம் பெற்று வெளியிடப்பட்ட இவ்விளையாட்டுடன் நாவலின் படியும் சேர்த்து விற்கப்பட்டது. இதன் துணைப் பாத்திரங்கள் விளையாடுபவரின் கட்டளைக்குக் காத்திராமல் தாமே இயங்கின. அவை வெவ்வேறு இடங்களுக்குச் சென்றன, பொருள்களை எடுத்தன, சண்டையிட்டன. இதனால் ஒவ்வொரு முறையும் விளையாட்டு வேறுவிதமாக நடந்தது. பிற்பகுதியில் தேவைப்படும் பாத்திரம் முன்னதாகவே இறந்துபோய் விளையாட்டை முடிக்க முடியாமல் போவதும் உண்டு. நாவலில் எவர் எப்போது இறப்பார் என்பதை ஆசிரியர் தீர்மானித்திருந்தார். பாத்திரங்களுக்குத் தன்னியக்கம் தரப்பட்டதும் அத்தீர்மானம் குலைந்தது.

1984இல் இன்ஃபோகாம் வெளியிட்ட 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு தி கேலக்சி' விளையாட்டை மூல ஆசிரியர் டக்ளஸ் ஆடம்சும் ஸ்டீவ் மெரட்ஸ்கியும் இணைந்து எழுதினர். எந்த மொழியையும் புரியவைக்கும் பேபல் மீன், நாவலில் நாயகனின் காதுக்குள் எளிதாகச் செலுத்தப்பட்டுவிடுகிறது. விளையாட்டிலோ அம்மீனை ஓர் இயந்திரத்திலிருந்து பெறுவது பல படிகள் கொண்ட கடினமான புதிராக மாற்றப்பட்டது. நாவலில் விரைந்து கடக்கும் நிகழ்ச்சி விளையாட்டில் நீண்ட போராட்டமாக விரிந்ததற்கு இது பெயர்பெற்ற எடுத்துக்காட்டு.

பின்னர் டெலரியம் என அறியப்பட்ட, 1984 முதல் வெளிவந்த வரிசையில் ரே பிராட்பரி, ஆர்தர் சி. கிளார்க் ஆகியோரின் நாவல்கள் விளையாட்டுகளாயின. இவற்றுள் 'ஃபாரன்ஹீட் 451' விளையாட்டின் கதை, நாவல் முடிந்த பிறகு நடப்பதாக அமைக்கப்பட்டது. நூலைப் படித்தவர் அடுத்து நடப்பதை முன்கூட்டியே அறிந்திருப்பார் என்ற சிக்கல் இத்தகைய அமைப்பில் எழுவதில்லை.

வரைகலை விளையாட்டுகளின் வளர்ச்சியால் இச்சந்தை சுருங்கியது. இன்ஃபோகாமை 1986இல் ஆக்டிவிசன் வாங்கியது. 1989இல் அதன் அலுவலகம் மூடப்பட்டது.

கதையை அறியும் நிரல்கள்

இதற்கு இணையாகப் பல்கலைக்கழகங்களில் வேறொரு பாதை வளர்ந்தது. டெர்ரி வினோகிராட் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய 'ஷ்ருட்லூ' என்ற நிரல், மேசைமேல் உள்ள கட்டைகளைப் பற்றிய ஆங்கிலக் கட்டளைகளைப் புரிந்துகொண்டு செயல்பட்டது. உலகம் சிறியதாகவும் முழுமையாக வரையறுக்கப்பட்டதாகவும் இருந்தால் மொழியைச் செயலாக மாற்ற முடியும் என்பதை அது காட்டியது.

யேல் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஷாங்க் தலைமையிலான குழு, சொல்லப்படாத செய்திகளைக் கணினி எப்படி ஊகிக்கும் என்பதை ஆராய்ந்தது. ஒருவர் உணவகத்துக்குச் சென்று தோசை கேட்டார், பின் வெளியேறினார் என்றால், இடையில் அவர் உண்டார், பணம் கொடுத்தார் என்று கேட்பவர் எண்ணிக்கொள்வார். இத்தகைய வழக்கமான நிகழ்வு வரிசைகளை 'ஸ்கிரிப்ட்' என்ற அறிவுக் கட்டமைப்பாக ஷாங்கும் ராபர்ட் ஏபெல்சனும் 1977இல் வெளியிட்ட நூலில் விளக்கினர்.

அதே பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மீகன் 1976இல் 'டேல்-ஸ்பின்' என்ற கதை சொல்லும் நிரலை உருவாக்கினார். விலங்குப் பாத்திரங்களுக்குக் குறிக்கோள்களைக் கொடுத்து, அவற்றை அடைய அவை எடுக்கும் முயற்சிகளைக் கதையாக இந்நிரல் எழுதியது. இதன் வெற்றிகளைவிடத் தோல்விகளே பெரிதும் பேசப்பட்டன. ஒரு கதையில் எறும்பு ஆற்றில் விழ, புவியீர்ப்பு விசை மூழ்கி இறந்துவிட்டதாக நிரல் எழுதியது. எறும்பை ஆற்றுக்குள் கொண்டுசென்றது புவியீர்ப்பு என்பதால், அதுவும் எறும்புடன் நீருக்குள் இருப்பதாக நிரல் கருதிவிட்டது. புவியீர்ப்புக்கு நீந்தக் கால்களோ, கரையிலிருந்து காப்பாற்ற நண்பர்களோ இல்லை. எனவே அது இறந்தே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு நிரல் வந்தது. பொது அறிவு என்று மனிதர் எண்ணுவது எவ்வளவு பெரிய தொகுப்பு என்பதை இப்பிழை உணர்த்தியது.

சொற்களிலிருந்து காட்சி

எழுத்தை நேரடியாகப் படமாக மாற்றும் முயற்சிகளும் இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன. ஏடி அண்டு டி ஆய்வகத்தைச் சேர்ந்த பாப் காய்ன், ரிச்சர்ட் ஸ்பிரோட் ஆகியோர் 2001இல் 'வேர்ட்ஸ்ஐ' என்ற அமைப்பை அறிமுகப்படுத்தினர். பூனை மேசைமேல் இருக்கிறது என்பது போன்ற எளிய வாக்கியங்களை அது முப்பரிமாணக் காட்சிகளாக மாற்றியது. ஏறத்தாழ அதே காலத்தில் பியர் நியூக் முதலியோர் உருவாக்கிய 'கார்சிம்', சாலை விபத்துக் குறிப்புகளைப் படித்து விபத்து நடந்த விதத்தை அசையும் காட்சியாகக் காட்டியது. இடத்தையும் பொருளையும் திருத்தமாகச் சொல்லும் எழுத்துக்கு இவை ஏற்றவை. மனநிலையையும் நினைவையும் பேசும் இலக்கிய உரைநடையில் காட்சியாக மாற்றத்தக்க வாக்கியங்கள் குறைவு.

எழுத்தே நிரலாதல்

பிரித்தானியக் கணிதவியலாளரும் கவிஞருமான கிரகாம் நெல்சன் 1993இல் இன்ஃபார்ம் என்ற நிரல்மொழியை வெளியிட்டார். இன்ஃபோகாமின் இசட்-மெசினில் இயங்கும் புதிய விளையாட்டுகளை எவரும் எழுத இது வழிசெய்தது. 2006இல் வெளிவந்த இன்ஃபார்ம் 7 முற்றிலும் மாறுபட்ட பாதையை எடுத்தது. இதில் நிரலே ஆங்கில வாக்கியங்களாக எழுதப்படுகிறது. சமையலறை ஓர் அறை என்றும், நூல் மேசையின் மேல் உள்ளது என்றும் எழுதினால் அவையே செயல்படும் நிரலாகின்றன. நூல் மேசையின் மேல் உள்ளது என்பதிலிருந்து, மேசை என்பது பொருள்களைத் தாங்கக்கூடியது என்று இன்ஃபார்ம் தானே ஊகித்துக்கொள்கிறது.

புனைவெழுத்துக்கும் நிரலுக்கும் இடையிலான தொலைவை இது பெரிதும் குறைத்தது. ஆயினும் ஏற்கெனவே எழுதப்பட்ட நாவலை இதனிடம் கொடுத்து விளையாட்டைப் பெற முடியாது. இன்ஃபார்ம் ஏற்கும் வாக்கியங்கள் இலக்கணத்தாலும் சொற்பொருளாலும் வரையறுக்கப்பட்டவை. கதையின் ஒவ்வொரு மாற்று விளைவையும் ஆசிரியரே எழுதித் தர வேண்டும்.

அப்பணியின் அளவுக்கு 2005இல் வெளிவந்த 'ஃபசாட்' சான்றாகும். மைக்கேல் மட்டீசும் ஆண்ட்ரூ ஸ்டெர்னும் உருவாக்கிய இவ்விளையாட்டில், மணவாழ்வு முறியும் நிலையிலுள்ள தம்பதியின் வீட்டுக்கு விளையாடுபவர் விருந்தினராகச் செல்கிறார். ஒரு முறை விளையாட ஏறத்தாழ 20 நிமிடங்களே ஆகும். அதை உருவாக்க இருவருக்கும் சுமார் ஐந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. விளையாடுபவருக்குத் தரப்படும் ஒவ்வொரு சுதந்திரத்துக்கும் எழுத்தாளர் உழைப்பால் ஈடுசெய்ய வேண்டியிருந்த இந்நிலையே தானியங்கு முறைகளைத் தேடுவதற்கு வலுவான காரணமாயிற்று.

பலர் சொன்ன கதைகளிலிருந்து விளையாட்டு

ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தில் போயாங் லீ, மார்க் ரீடல் முதலியோர் 2013இல் 'ஷெகரசாத்' என்ற அமைப்பை வெளியிட்டனர். ஆயிரத்தோர் இரவுகள் கதைத்தொகுப்பின் நாயகி பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. ஒரே கதையை ஆராய்வதற்குப் பதிலாக, ஒரே சூழலைப் பற்றிப் பலர் எழுதிய எளிய கதைகளை இது ஒப்பிட்டது. வங்கிக் கொள்ளை, திரைப்படம் பார்க்கச் செல்லும் காதலர் சந்திப்பு போன்ற சூழல்களைப் பற்றி இணையவழிக் கூலிப் பணியாளர்கள் சிறு வாக்கியங்களில் கதைகள் எழுதித் தந்தனர்.

அக்கதைகளிலிருந்து எந்த நிகழ்வு எதற்கு முன் நடக்க வேண்டும், எவை இரண்டும் சேர்ந்து நடக்க முடியாதவை என்பவற்றை நிரல் கற்றுக்கொண்டு, அவற்றைக் கதைப்பின்னல் வரைபடமாக அமைத்தது. கொள்ளையன் துப்பாக்கியைக் காட்டுவது ஒரு கதையிலும், சீட்டு எழுதி நீட்டுவது மற்றொரு கதையிலும் வந்தால், இரண்டும் மாற்று வழிகளாகின. 2015இல் மேத்யூ குஸ்டியல் உள்ளிட்டோர் இதையே விளையாடத்தக்க வடிவமாக விரிவாக்கினர். மனிதர் வடிவமைத்ததை நெருங்கும் தரத்தை அது எட்டியதாக அவர்களது மதிப்பீடு தெரிவித்தது.

ஒருவர் சொல்லாமல் விட்டதை மற்றொருவர் சொல்லியிருப்பார் என்பதே இம்முறையின் அடிப்படை. பொதுவான நிகழ்வுகளுக்கு இது பொருந்தியது. தனித்தன்மை கொண்ட ஒரு நாவலுக்கு இதைப் பயன்படுத்த இயலாது. அந்நாவலை ஒருவரே எழுதியிருக்கிறார்.

கதைச்சுருக்கத்திலிருந்து உலகம்

2018 முதல் உரைவழி விளையாட்டுகள் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்களமாக மீண்டும் கவனம் பெற்றன. மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் 2018இல் 'டெக்ஸ்ட்வேர்ல்ட்' என்ற கருவியை வெளியிட்டது. அது உரைவழி விளையாட்டுகளைத் தானாக உருவாக்கி, கற்கும் நிரல்களுக்குப் பயிற்சிக்களமாக அளித்தது. 2019இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'லைட்' என்ற கற்பனை உலகில் 663 இடங்கள், 3,462 பொருள்கள், 1,755 பாத்திரங்கள் இருந்தன. அவ்விவரணைகளைப் பெருந்திரளான பங்களிப்பாளர்கள் எழுதினர்.

எழுதப்பட்ட கதையையே மூலமாகக் கொண்ட முயற்சிகளுள் முதன்மையான ஒன்று 2020இல் பிருத்விராஜ் அம்மனபுரோலு, மார்க் ரீடல் உள்ளிட்ட குழுவினர் வெளியிட்டது. துப்பறியும் கதை, தேவதைக் கதை ஆகிய இரு வகைகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். முதல் கட்டத்தில், வினாக்களுக்கு விடையளிக்கப் பயிற்றப்பட்ட மொழி மாதிரியிடம் கதைச்சுருக்கத்தைக் கொடுத்து, கதையில் வரும் இடங்கள் எவை, பாத்திரங்கள் யார், பொருள்கள் எங்குள்ளன எனக் கேட்கப்பட்டது. விடைகள் ஓர் அறிவு வரைபடமாகத் தொகுக்கப்பட்டன. இரண்டாம் கட்டத்தில், அவ்வகைக் கதைகளுக்குரிய பொது அறிவைக் கொண்டு வரைபடத்தின் இடைவெளிகள் நிரப்பப்பட்டன. மூன்றாம் கட்டத்தில் மற்றொரு மொழி மாதிரி ஒவ்வோர் இடத்துக்கும் பாத்திரத்துக்கும் உரைநடை விவரணை எழுதியது.

இதன் விளைவாகக் கிடைத்தது நடமாடிப் பார்க்கக்கூடிய ஓர் உலகம். இம்முறையின் மையம் உலகை அமைப்பதே. கதையின் நிகழ்ச்சிகளை விளையாடுபவரின் தேர்வுகளோடு பின்னி நடத்துவது வேறொரு பணி. துப்பறிவாளரின் அறையை அமைத்துவிட்ட பின்னும், அவர் எடுத்துக்கொண்ட வழக்கு அங்கே அவிழ வேண்டியிருக்கிறது.

பெரும் மொழி மாதிரிகளின் வரவு

2019இல் பிரிகாம் யங் பல்கலைக்கழக மாணவரான நிக் வால்ட்டன், ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-2 மொழி மாதிரியைப் பயன்படுத்தி 'ஏஐ டஞ்சன்' என்ற விளையாட்டை உருவாக்கினார். இதில் அறைகளின் வரைபடமோ முன்னரே எழுதப்பட்ட விளைவுகளோ இல்லை. விளையாடுபவர் எதை எழுதினாலும் மாதிரி அதற்கேற்பக் கதையைத் தொடரும். ஒரு நாவலின் தொடக்கப் பத்தியை உள்ளிட்டால் அங்கிருந்தே விளையாட்டைத் தொடங்கலாம் என்ற நிலை உருவானது.

எந்தச் செயலையும் ஏற்கும் இந்நெகிழ்வுக்கு ஒரு விலை இருந்தது. பூட்டிய கதவு சற்று நேரத்தில் திறந்திருந்தது. இறந்த பாத்திரம் மீண்டும் வந்து பேசியது. இன்ஃபோகாம் காலத்து விளையாட்டுகள் குறைவானவற்றையே புரிந்துகொண்டன. ஆனால் புரிந்துகொண்டதை மறப்பதில்லை. புதியவை எல்லாவற்றுக்கும் மறுமொழி தந்தன. தாம் சொன்னதையே மறந்தன. ஆகவே இடம், பொருள், பாத்திர நிலை ஆகியவற்றை மரபான மாதிரி உலகத்தில் பதிந்துவைத்து, விவரணையையும் உரையாடலையும் மட்டும் மொழி மாதிரியிடம் ஒப்படைக்கும் கலப்பு முறையும் கையாளப்படுகிறது. 1970களில் பிரிந்து வளர்ந்த இரு பாதைகளும் இத்தகைய அமைப்புகளில் சந்திக்கின்றன.

உரிமையும் படைப்பும்

இலக்கியப் படைப்பைத் தழுவி வேறு வடிவமாக்கும் உரிமை ஆசிரியருக்கே உரியது என்பது பெர்ன் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு ஏற்கும் கொள்கை. டோல்கீன் நாவலை விளையாட்டாக்க 1982இல் உரிமம் பெற வேண்டியிருந்தது. மாற்றுவதற்கு ஆண்டுக்கணக்கில் உழைப்பும் பெரும் பணமும் தேவைப்பட்டவரை, தழுவல் என்பது நிறுவனங்களுக்கும் உரிமையாளருக்கும் இடையிலான ஒப்பந்தமாகவே இருந்தது. நூலை உள்ளிட்டதும் விளையாட்டு கிடைக்கும் என்றால், தனி வாசகர் ஒருவரே எவருடைய அனுமதியுமின்றித் தழுவலைச் செய்துகொள்ள முடியும். பதிப்புரிமை நீங்கிய நூல்களைப் பொறுத்தவரை இத்தடை இல்லை. ஆர்தர் கோனன் டாயிலின் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் கடைசியாக எஞ்சியிருந்தவையும் 2023இல் அமெரிக்காவில் பொதுவுடைமையாயின.

உரிமைச் சட்டத்தால் தீராத மற்றொரு கேள்வியும் உண்டு. துன்பியல் கதையின் ஆற்றல், அதன் முடிவை எவராலும் மாற்ற இயலாது என்பதில் இருக்கிறது. விளையாட்டின் ஆற்றல், எதையும் மாற்றலாம் என்ற நம்பிக்கையில் இருக்கிறது. நாயகியைக் காப்பாற்ற விளையாடுபவரை அனுமதித்தால் அது வேறு கதை ஆகிவிடும். அனுமதிக்காவிட்டால் விளையாட்டு என்ற பெயர் பொருந்தாது. டெலரியம் விளையாட்டு நாவல் முடிந்த இடத்துக்குப் பின் சென்றது. ஹாபிட் விளையாட்டு பாத்திரங்களைத் தம்போக்கில் விட்டது. டக்ளஸ் ஆடம்ஸ் தம் கதையைத் தாமே புதிராகத் திருத்தி எழுதினார். இம்மூன்றும் மனிதர்கள் தெரிந்தே எடுத்த முடிவுகள். தானியங்கு முறைகளில் நூலின் எந்தப் பகுதி மாறாமல் நிற்க வேண்டும், எது விளையாடுபவரின் விருப்பத்துக்கு விடப்பட வேண்டும் என்பதை நிரல் தீர்மானிக்க வேண்டியுள்ளது. இடங்களையும் பொருள்களையும் கதையிலிருந்து பிரித்தெடுப்பதைவிட இது கடினமான பணியாகும்.